கொட்டாவிப் பரீட்சை

சந்தேகம் சார் வாயை அகலமாகத் திறந்து, எதிரே உட்கார்ந்திருந்த பையனின் முகத்துக்கு நேராக ஒரு கொட்டாவி விட்டார். பையன் அதைப் பார்த்தான். பிறகு தேநீரை ஒரு வாய் குடித்தான்.

சார் இன்னொன்று விட்டார். இது தாடை நோகிற அளவுக்குப் பெரியது, தொண்டையிலிருந்து சத்தமும் சேர்ந்து வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு தானும் ஒன்று விட்டாள். பையனோ கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"மாமா, ராத்திரி சரியாத் தூங்கலையா?" என்று அக்கறையாகக் கேட்டான்.

சார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். இனிக்க இனிக்கப் பேசுவதும் அந்த அடையாளங்களில் ஒன்றுதான். அவர் வாயைத் திறப்பதற்குள், மனைவி பிஸ்கட் தட்டோடு வந்து சேர்ந்தாள்.

"எப்படித் தூங்குவார்? நீங்க வர்றீங்கன்னு ராத்திரி பூரா ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகிட்டே இருந்தார். நமக்கு ஒரு பையன் இல்லையேன்னு இவருக்கு ரொம்ப நாள் ஏக்கம். இனிமே அதை நீங்கதான் தீர்க்கணும்."

பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. சார் முந்தைய இரவு குறட்டை விட்டுத் தூங்கியவர். அப்படி ஒரு ஏக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை. ஆனாலும் அவள் சொன்ன விதத்தில், இருந்திருக்குமோ என்று அவருக்கே தோன்றிவிட்டது. இந்தச் சாமர்த்தியம் யாருக்கு வரும் என்று வழக்கம்போல வியந்துகொண்டார்.

அவர் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் அலுவலகத்தில். விபத்து, தீ, திருட்டு என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களைக் குடைந்து குடைந்து விசாரிக்கிற மேஜை அவருடையது. பட்டப்பெயர் அங்கே வைத்ததுதான். அந்த மேஜைக்காரர்களுக்கென்று அலுவலகம் அண்மையில் ஒரு வகுப்பு நடத்தியது. மனநல மருத்துவர் ஒருவர் வந்து பேசினார். சைக்கோபாத் என்றால் கத்தியோடு அலைகிறவன் என்று நினைக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறவராகவும் இருக்கலாம் என்றார். தேன் ஒழுகப் பேசுவார்கள், வாய் கூசாமல் பொய் சொல்வார்கள், எதற்கும் பதற மாட்டார்கள், செய்த தப்பு மனதை உறுத்தாது, அடுத்தவர் அழுதால் உள்ளே ஒன்றும் அசையாது, ஆனால் தேவைப்பட்டால் தங்கள் கண்ணில் நீரை வரவழைத்துக்கொள்வார்கள். கடைசியாக, அடுத்தவர் விடும் கொட்டாவி அவர்களுக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை என்று ஓர் ஆய்வு சொல்வதாகவும் சொன்னார்.

இதை மட்டும் வைத்து யாரையும் முடிவு கட்டிவிடாதீர்கள் என்று உடனேயே எச்சரிக்கவும் செய்தார். அந்த நேரம் பார்த்து சார், கூட்டம் சேர்வதற்குள் தேநீர் வாங்கிவிடலாம் என்று வெளியே போயிருந்தார்.

அந்த வாரமே மகள் வந்து, தொலைதூரப் பேருந்து ஓட்டுகிற ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். ஒரே மகள். அவளை ஒரு ராட்சசன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் காலம் பூரா யார் அழுவது? சாருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். கொட்டாவியில் தோற்றவனுக்கு மனசாட்சியாவது இருக்கிறதா என்று பார்க்க நினைத்தார். அவன் கை கழுவ எழுந்து போன நேரத்தில் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவன் நாற்காலியில் வைத்தார். பையன் வந்து உட்கார்ந்தான். நொறுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பையன் எழுந்து, கண்ணாடித் துண்டுகளை நிதானமாகப் பொறுக்கி, மன்னிப்புக் கேட்டு, நாளைக்கே புதிதாக வாங்கித் தருவதாகச் சொன்னான். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. பதற்றமே இல்லை, இதுவும் ஓர் அடையாளம் என்று சார் மனதில் குறித்துக்கொண்டார்.

"விடுங்க தம்பி, அது அரதப்பழசு. நானே எப்போடா உடையும்னு காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் மனைவி. போன வாரம்தான் வாங்கிய கண்ணாடி அது.

ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் பேசி முடிக்க வந்தார்கள். அம்மாவும், அத்தையும், டிப்போவில் எல்லோரும் 'பெரிய டிரைவர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அப்பாவும். அவரும் வாழ்நாள் பூராவும் தொலைதூர வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். புதுக் கண்ணாடி இன்னும் கடையிலிருந்து வரவில்லை. சாருக்கு எதிரே இருந்தவர்கள் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தார்கள். கொட்டாவி விட்டால் போதுமா, பதில் கொட்டாவி வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டு, அவன் வாய்க்கு நேராகத் தன் முகத்தை மூக்கு இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனார்.

பெரிய டிரைவர் விருட்டென்று எழுந்தார்.

"என்ன சார், என் பையன் குடிச்சிட்டு வந்திருக்கானான்னு மோந்து பாக்குறீங்களா? எங்க பரம்பரையில அதைத் தொட்டவங்க கிடையாது."

மகள் விசும்பிக்கொண்டே சமையலறைக்குள் ஓடினாள். சார் அசடு வழிய நின்றார். மனைவி கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றியபடி மெதுவாக முன்னால் வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இவருக்கு ஒரு தம்பி இருந்தான். சின்ன வயசுலயே காய்ச்சல்ல போயிட்டான். உங்க பையன் முகத்துல அவன் ஜாடை தெரியுதாம். அன்னையிலேர்ந்து கிட்டப்போய்க் கிட்டப்போய்ப் பாத்துக்கிட்டே இருக்கார்."

கன்னத்தில் நிஜமாகவே ஒரு சொட்டு உருண்டது. பையனின் அம்மா விம்மினாள். பெரிய டிரைவர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். சார் தன் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் இல்லாத தம்பியை நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல மனைவியின் பின்னாலேயே சமையலறைக்குப் போனார். மகள் மேடையில் சாய்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். மனைவி அவளைத் தாண்டிக் கையை நீட்டி ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். கண் காய்ந்திருந்தது.

"மாட்டிக்குவோமோன்னு உனக்குப் பயமாவே இல்லையா?" என்று கேட்டார் சார்.

"எதுக்குப் பயம்?" என்றாள். அவளுக்கு உண்மையாகவே கேள்வி புரியவில்லை. பிறகு மகளிடம், "அழுது முடிச்சதும் தண்ணி எடுத்துக்கிட்டு வா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன நெஞ்சுரம் என்று சார் உருகிப்போனார். தான் ஒரு தொடைநடுங்கி, தனக்கு வாய்த்தவளோ இப்படி ஒரு தைரியசாலி. இந்தக் குடும்பம் இத்தனை நாள் கவிழாமல் ஓடுவதே அவளால்தான்.

ஆனாலும் மகள் விஷயத்தில் கடைசியாக ஒரு முறை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். உடைந்த கண்ணாடியில் பிழைத்திருந்த ஒற்றைச் சில்லை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். தீ விபத்து இழப்பீட்டு விதிகளை, உட்பிரிவு உட்பிரிவாக, ஒரே சுருதியில் விளக்க ஆரம்பித்தார். புகையால் கறுத்த சுவர் எரிந்த சுவராகுமா ஆகாதா என்ற இடத்தில் அத்தை முதல் கொட்டாவி விட்டாள். பையனின் அம்மாவுக்கு அது தொற்றியது. தண்ணீர் கொண்டுவந்த மகள் சொம்போடு நின்றபடியே விட்டாள். வாசலில் படுத்திருந்த நாய்கூட வாயைப் பிளந்தது. சார் சில்லைப் பையன் பக்கம் திருப்பினார். உதடு அசையவில்லை. அப்பா பக்கம் திருப்பினார். அங்கேயும் அசைவில்லை. பரம்பரை வியாதி.

சார் எழுந்து நின்றார். இந்தக் கல்யாணம் நடக்காது என்று சொல்லி, வகுப்பு, மருத்துவர், அடையாளங்கள், கொட்டாவி என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். "உங்க பையன் நல்லவனா இருந்தா என்னை மன்னிச்சிருங்க. ஆனா எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு," என்றபோது குரல் உடைந்துவிட்டது.

மகள் சுவரோடு சாய்ந்தாள். பெரிய டிரைவர் சாரையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சார், தூர வண்டியில பின்சீட்டுக்காரர் ஒரு கொட்டாவி விட்டா, அது சீட்டு சீட்டா முன்னாடி வந்து டிரைவரைப் பிடிக்கும். நாம வாயைத் திறந்து கண்ணை மூடுற நேரத்துல வண்டி பள்ளத்துல கிடக்கும். அதனால இவன் ஸ்டியரிங்கைத் தொடுறதுக்கு முந்தியே, நாக்கை மேல அழுத்திக் கொட்டாவியை முழுங்கக் கத்துக்கொடுத்தேன். பதறாம இருக்கவும் கத்துக்கொடுத்தேன். டேய், வெளியில விடுடா."

பையன் தயங்கினான். நாக்கைத் தளர்த்தினான். வந்தது பாருங்கள் ஒரு கொட்டாவி. அதன் வாலைப் பிடித்து இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. அன்றைக்கும் இன்றைக்கும் இந்த வீட்டில் முழுங்கியதெல்லாம் கண்ணீரும் கம்பலையுமாக வெளியே வந்தது. சார் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு தேம்பினார். மகள் அழுகையும் சிரிப்புமாகச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் நான்தான் இவரைப் பண்ணச் சொன்னேன், மாப்பிள்ளைக்குப் பொறுமை எவ்வளவுன்னு பாக்கலாம்னு," என்றாள் மனைவி, பூப்போலச் சிரித்துக்கொண்டே. கொட்டாவி விஷயமே அவளுக்கு இப்போதுதான் தெரியும். அதற்குள் பழியைப் பெருமையாக மாற்றிவிட்டாளே என்று சார் மனதுக்குள் கும்பிட்டார்.

பெரிய டிரைவரும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார், தன்னைவிடப் பெரிய தொழில்காரரைக் கண்ட மரியாதையோடு.

"வண்டி ஓட்டின பழக்கம், யார் கொட்டாவி விடுறாங்கன்னு என் கண்ணு தானாப் பாத்துடும். வந்ததுலேர்ந்து கவனிக்கிறேன், அம்மா ஒண்ணுகூட விடலை. நாங்களாவது நாக்கை அழுத்துறோம், அவங்களுக்கு அதுகூடத் தேவைப்படலை. அம்மா எந்த ரூட்டுல வண்டி ஓட்டினாங்க, சம்பந்தி?"