பன்டெலிஸ் சாட்சி சொன்னார்

"கப்பலே முழுகிடுச்சு. உங்க பெட்டி மட்டும் நனையாம கரைக்கு வந்திருக்கே?" என்று காப்பீட்டுக்காரர்களின் வக்கீல் தேன் ஒழுகக் கேட்டார்.

லண்டன் நீதிமன்றக் கூண்டில் நின்ற தலைமை இன்ஜினியர் பன்டெலிஸ் பின்வரிசையில் இருந்த கப்பல் முதலாளியைப் பார்த்தார். கிரேக்கத் துறைமுகமான பிரேயஸிலிருந்து சாட்சி சொல்லக் கிளம்பும்போதே முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "கடல்ல மெதந்த மரக்கட்டை மோதுச்சுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத." பெட்டியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எப்பவும் கட்டியே வெச்சிருப்பேன், ஐயா."

"முப்பது வருஷமாவா?"

"ஆமா."

"சரி. கட்டை மோதினப்போ எங்க இருந்தீங்க?"

இன்ஜின் அறை என்றால், அங்கே என்ன செய்தாய் என்பார்கள்.

"மேல்தளத்துல சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

"என்ன சாப்பாடு?"

"பீன்ஸ் சூப்பு. சுடச்சுட."

"யாரு சமைச்சது?"

"வேற யாரு? சமையக்காரன் தியோஃபிலோஸ்தான்."

வக்கீல் ஒரு தாளைப் புரட்டினார். "ரெண்டு நாளா காய்ச்சல்ல படுத்த படுக்கையா கெடந்தாரு, அதனாலதான் அவரால தப்பிக்க முடியலன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

யாரோ சிரித்தார்கள். கப்பல் முழுகிய அன்று, உயிர்காப்புப் படகில் ஏறும்போது தியோஃபிலோஸை மற்றவன் தூக்கி வந்திருப்பான் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டார்கள். பெட்டி ஞாபகம் இருந்த பன்டெலிஸுக்கு, கீழே ஒரு கதவைத் தட்டத் தோன்றவில்லை. உடலே இல்லாத அந்தச் சாவு வீட்டில் அவன் மனைவி, "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா, அண்ணே?" என்று கேட்டபோதும், "உன் பேரத்தாம்மா சொன்னான்" என்று ஒரு பொய்.

"கட்டையும் இல்ல, மட்டையும் இல்ல!" என்று கத்தினார். "மொதலாளி சொன்னாரு. அடியில இருந்த வால்வத் தொறந்து நாந்தான் கடல உள்ள விட்டேன். நாந்தான் அவனக் கொன்னேன்!"

பின்வரிசையிலிருந்த முதலாளி தொப்பியைக் கையில் எடுத்தார். காப்பீட்டுப் பணம் கேட்டு அவர் போட்ட வழக்கு அந்த ஒரு மூச்சில் போயிற்று. பன்டெலிஸை வெளியே உட்காரச் சொன்னார்கள். போலீஸுக்கு ஆள் போயிருந்தது. அவருக்கு என்னவோ நெஞ்சு லேசாகியிருந்தது.

அடுத்த சாட்சியாக வெளியே காத்திருந்த இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஸ்டமாட்டிஸ், விஷயம் காதில் விழுந்ததும் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"என்ன காரியம் பண்ணீங்க, சீஃப்! அந்த வால்வுத் தண்டு ஒடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, கைப்பிடி சும்மா சுத்தும், வால்வு தொறக்காது. சொன்னா ரிப்பேர் பாக்கச் சொல்லுவீங்கன்னு நாங்கதான் மறைச்சோம். கப்பல் அன்னிக்கு, அடி துருப்பிடிச்சு, தானாத்தான் முழுகுச்சு!"