பழைய கிரேனின் ஆவி

மனிதன் செத்தால் ஆவியாவான் என்பது பழைய சரக்கு. கிரேன் செத்தாலும் ஆவியாகும் என்று கண்டுபிடித்த பெருமை அந்தக் கப்பல் பட்டறையையே சேரும்.

பழுது பார்க்க வந்த சரக்குக் கப்பலில் முப்பது வருடக் கிரேனை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு மடங்கு எடை தூக்கும் புதுக் கிரேனைப் பொருத்தியிருந்தார்கள். ரிமோட்டில் ஓடும் கிரேன். சோதனைக்கு எடையைத் தூக்கியபோது பாதியில் நின்றது. மறுநாளும் நின்றது. யாராவது வயரிங் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். அவ்வளவு பொறுமை யாருக்கு? ஸ்டோர் கீப்பர் தனக்குத் தெரிந்த ஆவி டாக்டரை அழைத்து வந்துவிட்டார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், தோளில் தோல் பை. டாக்டர் கிரேனின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"பழைய கிரேனோட ஆவி. கண்டந்துண்டமா வெட்டி இரும்புக் கடைக்குப் போட்டீங்கல்ல? கோவமா இருக்கு."

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஆவிக்குச் செம்பும் பித்தளையும் பிடிக்குமாம். வெல்டர் வீட்டிலிருந்து பித்தளை அண்டாவைத் தூக்கி வந்தார். பெயின்டர் மனைவிக்குத் தெரியாமல் செம்புக் குடத்தைக் கொண்டுவந்தார். எல்லாம் ஸ்டோர் ரூமுக்குள் போயின. ஆவிக்குக் கூச்ச சுபாவம், நாலு பேர் பார்க்கச் சாப்பிடாதாம். அதன்பிறகு டாக்டர் "போ!" என்றால் கிரேன் ஓடியது, "நில்!" என்றால் நின்றது. கைதட்டல் காதைப் பிளந்தது.

அத்தோடு விட்டாரா? "வயரிங் பண்ணது ஒரு பொம்பளை கை. அது ஆவிக்கு ஆகல. அந்தக் கை இனிமே கப்பல்ல படக்கூடாது" என்றார்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி பட்டறையின் எலக்ட்ரீஷியன். மேஸ்திரி அவளுடைய சொந்த அண்ணன்.

"ஏம்மா, நாளையிலேர்ந்து வீட்லயே இரேன்" என்றார் அண்ணன்.

"எத்தனை நாளைக்கு?"

"ஆவி சொல்ற வரைக்கும்."

"உன் வீட்டு ஃபேன்கூட இந்தக் கை மாட்டினதுதான். அது நிக்குதா?"

"ஃபேனுக்கெல்லாம் ஆவி வராதும்மா" என்றார், வெகு சீரியஸாக.

பதினோரு வருட வேலை போகப்போகிறது. அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் மூளையும் வேலை செய்தது. கிரேனோடு வந்தவை இரண்டு ரிமோட். ஒன்று ஆபரேட்டரிடம் இருக்கிறது. உபரி ரிமோட்டை ஸ்டோர் கீப்பரிடம் ஒப்படைத்தவளே அவள்தான். ஆவியோடு பேசும்போதெல்லாம் டாக்டரின் வலது கை ஏன் பைக்குள்ளேயே இருக்கிறது?

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போனாள். ஆபரேட்டரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சுவிட்சைத் திருப்பினாள். இனி கிரேன் எந்த ரிமோட்டையும் சட்டை செய்யாது. மேலே கேபினில் உட்கார்ந்து ஓட்டுபவர் சொன்னால்தான் கேட்கும்.

கூட்டம் சேர்ந்தது. எடை மெல்ல மேலே ஏறியது.

"டாக்டர், ஆவியை இப்ப நிறுத்தச் சொல்லுங்க. நின்னுட்டா நானே வேலையை விட்டுப் போயிடறேன்" என்றாள்.

டாக்டர் புன்னகைத்தார். கை பைக்குள் போனது.

"நில்!"

கிரேன் நிற்கவில்லை.

"நில்லுங்கறேன்ல!"

எடை இன்னும் உயர்ந்தது. டாக்டருக்கு வேர்த்தது. ஆவிக்கு மரியாதை கூடியது.

"கொஞ்சம் நில்லுங்களேன்!"

பதிலுக்குப் பைதான் "பீப் பீப்" என்று கத்தியது. சிக்னல் கிடைக்காத ரிமோட் அப்படித்தான் கத்தும். அண்ணன் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். சிவப்புப் பொத்தானோடு உபரி ரிமோட் விழுந்தது.

"அப்போ டாக்டர் வர்றதுக்கு முன்னாடி நின்னுச்சே?"

"அப்போ இது யார்கிட்ட இருந்துச்சுண்ணே?"

எல்லோரும் ஸ்டோர் கீப்பரைத் தேடினார்கள். அவர் வாசலை நோக்கி நழுவிக்கொண்டிருந்தார். "என் அண்டா எங்கடா?" என்று வெல்டர் அவர் சட்டையைப் பிடித்தார்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"வெட்டிப்போட்ட இரும்புகிட்ட எல்லாம் கேட்டீங்க. வயரிங் பண்ண நான் உயிரோடதானே நின்னேன்? என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?"

பெயின்டருக்கு மட்டும் இன்னும் சந்தேகம். "அப்போ பழைய கிரேனுக்கு ஆவியே இல்லையாக்கா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கம்பெனி நம்ம எல்லாருக்கும் ஹெல்மெட் கொடுத்திருக்கு. உள்ள ஏதோ இருக்குன்னு நம்பித்தானே? அதையும் மூடநம்பிக்கை ஆக்கிடாதீங்க."