பிள்ளையாரின் கண்ணும் உன் மச்சான் தாடியும்

போடிநாயக்கனூர்,
ஐப்பசி, 1978.

அன்புள்ள தம்பி பேச்சிமுத்துவுக்கு,

அக்கா ராமுத்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் பொன்னுமணியும் செவலைப் பசுவும் கருப்பசாமி புண்ணியத்தில் சுகம். ஜபல்பூரில் நீயும் உன் பட்டாளத்துக் கூட்டாளிகளும் சுகமாயிருக்க, தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் விளக்குத் திரியைத் தூண்டுகிறேன். எங்களுக்குச் சுகம் என்று மேலே எழுதியது கடிதத்துக்காக. இனி நடப்பைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நீ துப்பாக்கியோடு பிழைக்கிறவன். எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். கைத்துப்பாக்கி குறி தப்பாமல் சுட, மாவு மாதிரி வெடிமருந்தா, குருணை மாதிரி மருந்தா? கனத்த குண்டா, லேசான குண்டா? அடுப்படியில் கிடக்கிறவளுக்கு எதற்கு இது என்று சிரிக்காதே. உன் அக்கா மகள் பொன்னுமணியின் கல்யாணம் இதில்தான் தொங்குகிறது. நீயே அவளைக் கட்டியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதை விடு.

ஆவணியில் நிச்சயத்துக்கு வந்த தேவாரத்துச் சம்மந்தி வீரணனை, மலை மெட்டுக்கு மேலே நம் ஏலத்தோட்டம் பார்க்க உன் மச்சான் ஜீப்பில் கூட்டிப்போனார். சும்மா போகக்கூடாதா, லைசென்சு வாங்கி வைத்திருக்கிற கைத்துப்பாக்கியையும் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அங்கே ஒரு காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டிக்கொண்டு நின்றிருக்கிறது. இவர் சுட்டார், சுட்டார், துப்பாக்கி காலியாகிறவரைக்கும் சுட்டார். பன்றி கிழங்கைத் தின்று முடித்து, கை கழுவாத குறையாக, நிதானமாய் நடந்து போனதாம். "சம்மந்தி, அடுத்த தடவ மரத்தக் குறி பாருங்க. பன்னிமேல பட்டாலும் படும்" என்று வீரணன் சொல்லிவிட்டு, ஜீப்பு அடிவாரம் வந்து சேரும்வரை சிரித்திருக்கிறார். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, நேரே கருப்பசாமி முன்னால் போய் நின்று, அஞ்சு குண்டும் ஒரு சோற்றுத்தட்டுக்குள் விழுகிற வரைக்கும் என் முகத்தில் கத்தி படாது சாமி என்று சத்தியம் பண்ணிவிட்டார்.

அன்றைக்குப் போனது தம்பி, என் அடுப்படி. புதுத் தோட்டா கிடைக்கவில்லை என்று, சுட்ட கூட்டுக்குள்ளேயே மறுபடி மருந்தை நிரப்பிக் குண்டை அடைக்கிறார். அடுப்புக்குப் பக்கத்தில் மருந்தா என்று பதறி, நான் அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோய், ஐப்பசி மழையில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகக் குழம்பு வைக்கிறேன். போகட்டும் என்று பொறுத்தேன். சதுர்த்திக்கு வாங்கின களிமண் பிள்ளையாரைக் கிணற்றில் கரைக்கலாம் என்று எடுத்தால், சாமிக்கு இரண்டு கண்ணையும் காணோம்! மருந்து நிறுக்கப் படிக்கல் வேண்டுமென்று குன்றிமணிக் கண்ணைத் தோண்டித் தராசில் போட்டிருக்கிறார். அதிலும் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. கையில் எது அகப்படுகிறதோ அதை வைத்து நிறுக்கிறது. ஒரு குண்டு தட்டுக்கு மேலே போகிறது, ஒன்று கீழே மண்ணில் புதைகிறது, ஒன்று என் உப்புச் சட்டியை உடைத்தது. உடனே மருந்தை மாற்றுவார், குண்டையும் மாற்றுவார். "புளியையும் உப்பையும் ஒரே நாள்ல மாத்துனா, கொழம்பு எதுனால கெட்டுச்சுன்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். "கொழம்பு வெடிக்குமாடி? போயி சோலியப் பாரு" என்றார்.

இதற்குள் தாடி நெஞ்சுக்கு வந்துவிட்டது. நம் பக்கம் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால்தானே புருஷன் சவரம் பண்ணாமல் இருப்பான்? ஊர் பூராவும் என் வயிற்றைப் பார்க்கிறது. அடுத்த வீட்டு ஒச்சம்மாள் கோயிலில் வைத்தே கேட்டாள். "ஏத்தா, சொல்லவே இல்ல? எத்தன மாசம்?"

"வாயக் கழுவு. பேரன் எடுக்குற வயசுல எனக்கென்னா மாசம்?"

"அண்ணே தாடியப் பாத்தா இன்னைக்கோ நாளைக்கோன்னுல்ல இருக்கு!"

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் பேச்சு தேவாரத்துக்குப் போய்விட்டது. போன வாரம் மாப்பிள்ளையின் ஆத்தா சோலையம்மாள் பஸ்சேறி வந்து, வெற்றிலையைக்கூடத் தொடாமல் சொன்னார். "மதினி, ஒத்தப் பொண்ணு, தோட்டம் பூராம் அவளுக்குத்தேன்னு நம்பித்தேன் உங்க வீட்டுல கை நனச்சோம். இப்ப ஆம்பளப்பிள்ள பொறந்தா? ஆணா பொண்ணான்னு தெரியட்டும். தாலியப் பத்திப் பெறகு பேசுவோம்."

"அய்யோ மதினி, அது துப்பாக்கிக்கு விட்ட தாடி!"

"துப்பாக்கிக்கு யாரு மதினி தாடி விடுவா?" என்று எழுந்து போய்விட்டார். பொன்னுமணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. கருப்பன் அறிய எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது தம்பி. சிரைத்துத் தொலையுங்கள் என்று அவர் காலைப் பிடித்தேன். "சாமிக்குச் சொன்ன சொல்ல மாத்தச் சொல்றியா? நாள் தவறாமக் கும்பிடுறவ நீதான?" என்கிறார். அவர் அஞ்சையும் தட்டுக்குள் சுட்டால்தான் தாடி போகும், தாடி போனால்தான் கல்யாணம். அதனால் எந்த மருந்து, எந்தக் குண்டு என்று வெரசா எழுது.

நீ எல்லா வளமும் பெற்று, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, எதிரே யாரும் சுடாத இடத்தில் நீடூழி இருக்கக் கருப்பசாமியை வேண்டும்,

உன் அக்கா
ராமுத்தாய்

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பிள்ளையார் பாவம் பொறுக்காமல் உன் மச்சானோடு சண்டை போட்டு, ஒரு கண்ணையாவது கண்ணில்லாமல் கரைந்த சாமியிடம் சேர்ப்போம் என்று பறித்துக்கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன். உன் மச்சான் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்தே எல்லாத் தோட்டாவுக்கும் நிறுத்தார். கோபத்தில் மருந்தையும் குண்டையும் மாற்றக்கூட மறந்துவிட்டார். அஞ்சும் தட்டுக்குள்! தட்டுப் போனது போகட்டும், தாடியும் போயிற்று. நேற்று தேவாரத்தார் வந்து, வழவழவென்று இருந்த முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, தையில் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குக் காப்பி ஆற்றும்போதே அந்த வாடை எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இன்று நர்சம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் இருக்குமே ஆத்தா" என்கிறார். உன் மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சவரத்தை நிறுத்திவிடுவார். பொன்னுமணி கழுத்தில் தாலி ஏறுகிறவரை நீயும் மூச்சு விடாதே. உன் கடிதத்தை முதலில் பிரிக்கிறவர் அவர்தான். பதிலில் துப்பாக்கியைப் பற்றி மட்டும் எழுது.