டப்பிங் அங்கிளும் உலகத்தின் முடிவும்

உலகம் அழிவதைக் கொட்டாஞ்சேனையில் அதிக தடவை பார்த்தவர் டப்பிங் அங்கிள்தான். வானம் பிளந்து, கடல் சிவந்து, ஹெலிகொப்டர்கள் தீப்பிடித்து விழ, ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும் அழிவு ஐந்து மணிக்கு முடியும். ஐந்தரைக்கு அவர் பாண் வாங்கப் போவார்.

துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்கள் ஒழுங்கையில் வீடியோ டெக் இருந்த ஒரே வீடு அவருடையது. மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்த எனக்கு அங்கே நிரந்தர நாற்காலி. கசெற் கடையில் மற்றவர்கள் காதல் படம் தேட, அங்கிள் வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தைத் துவக்கும் வெடியுமாய் எடுத்த ஆங்கிலப் படங்களைத்தான் தேடுவார். ஒரு கையில் பைபிளும் மறு கையில் மெஷின் கன்னுமாய் ஒரு கதாநாயகன். எதிரே டை கட்டிய அந்திக்கிறிஸ்து.

படம் ஓட ஓட, ரிமோட்டும் கையுமாய் ரீ.வி.க்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்குமாகத் தமிழில் பேசுவார். அதனால் வந்த பெயர். அந்திக்கிறிஸ்துவுக்குத் தன்னுடைய பழைய மேலதிகாரியின் குரலைக் கொடுப்பார்: "என்ன ஐசே, அந்த ஃபைல் எங்க?" பொலிஸ் வந்தால் சிங்களம்: "ஒக்கொம அத் உஸ்ஸன்ன." சோதனைச் சாவடிப் பழக்கத்தில் பாதிப் பேர் கையை உயர்த்திவிடுவார்கள்.

சிக்கல் பிரசங்கக் காட்சிகளில்தான். கதாநாயகன் துவக்கை இறக்கிவிட்டு வேத வசனம் தொடங்கியதும் சனம் தேத்தண்ணிக்கு எழும்பிவிடும். அங்கிள் வழி கண்டுபிடித்தார். பிரசங்கம் நடக்கும்போது அடுத்து வரப்போகும் சண்டையைச் சொன்னார். சண்டை நடக்கும்போது, வெடிகளுக்கு நடுவே, விட்ட பிரசங்கத்தைச் சொன்னார். ஒருவரும் எழும்பவில்லை. மனந்திரும்பச் சொல்லும் அழைப்பை நாங்கள் எல்லாரும் யுத்த டாங்கியின் வாயிலிருந்துதான் கேட்டோம்.

ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்த நிசாம் நானா இதையெல்லாம் கவனமாகப் பார்ப்பார். "ஈஸா நபி திரும்பி வாறது எங்களுக்கும் இருக்குத்தானே அங்கிள். ஆனா ஹெலிகொப்டர் இல்ல."

"இது அமெரிக்கா வழியா வாறபடியால் நானா," என்பார் அங்கிள்.

ஒருவர் மட்டும் சிரிக்கமாட்டார். அங்கிளின் மனைவி பரமேஸ் அன்ரி. சைவக்காரி. வெள்ளிக்கிழமை தன் கோயிலுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை அங்கிளின் மாதாகோயில் பூசைக்குச் சேர்ட் அயன் பண்ணிக் கொடுப்பார். முப்பது வருசம் அந்த வீட்டில் இரண்டு கடவுள்களும் சத்தமில்லாமல் இருந்தார்கள். பிறகுதான் அந்தப் படம் வந்தது. விசுவாசிகள் ஒரே நொடியில் மறைந்துபோகிறார்கள். போட்டிருந்த உடுப்பு மட்டும் குவியலாய்க் கிடக்கிறது. நம்பாதவர்கள் பூமியிலேயே விடப்படுகிறார்கள். அங்கிள் ஒரு சொல்லும் தவறாமல் மொழிபெயர்த்தார்.

அடுத்த நாளிலிருந்து கழற்றிப் போட்ட உடுப்பை அன்ரியால் பார்க்க முடியவில்லை. குளியலறை வாசலில் ஒரு சாரம் கிடந்தால் போதும்.

"இஞ்சேருங்கோ."

"இருக்கிறன், இருக்கிறன்," என்று சவர்க்கார நுரைக்குள்ளிருந்து குரல் வரும்.

ஒருநாள் கொடியிலிருந்து அங்கிளின் சேர்ட்டும் காற்சட்டையும் ஒன்றாக முற்றத்தில் விழுந்தன. அங்கிளோ நானாவின் கடையில் தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி செருப்பும் இல்லாமல் ஒழுங்கை நீளத்துக்கும் அழுதுகொண்டு ஓடிவந்தார். அவரைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"ரெண்டாய் வாங்குங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

நாங்கள் சிரித்தோம். அங்கிள் தேங்காயைக் கையில் வைத்தபடி, அவர் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்து ஒழுங்கையில் செபக்கூட்டம் நடத்திய ஒரு பிரதர் இதைக் கேள்விப்பட்டார். நல்ல மனிசன்தான், பயம் வந்துவிட்டால் விசுவாசம் பின்னால் வரும் என்பது அவர் கணக்கு. இன்னொரு கசெற் கொண்டுவந்து தந்தார். "அன்ரிக்குக் கடைசிப் பத்து நிமிசத்தைக் கட்டாயம் காட்டுங்கோ அங்கிள்."

ஞாயிறு வந்தது. அந்தப் பத்து நிமிசமும் வந்தது. கதாநாயகன் மறைந்துபோக, அவன் மனைவி வெறும் சட்டையைப் பிடித்துக்கொண்டு குசினியில் நிற்கிறாள். ஒரு போதகர் எங்களை நேராகப் பார்த்து ஒரே ஒரு வரி சொன்னார்: நம்பாதவள் பூமியிலேயே விடப்பட்டாள். கப்பல் கொம்பனியில் வேலை செய்த எனக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியும்.

அங்கிள் ரிமோட்டை அழுத்தினார். போதகர் வாய் திறந்தபடி, கோடு கோடாய் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?" அன்ரி கேட்டார்.

"சொல்றார்... மேல போனவர் மோட்சத்துக்குள்ள போகேல்லையாம். வாசலிலயே நிக்கிறாராம். சம்மனசுகள் செட்டை விரிச்சு வந்து, வாரும் ஐசே எண்டு கூப்பிட்டவையாம். மனிசி வரட்டும், சேர்ந்து வாறம் எண்டிட்டாராம். வாசல் திறப்பு வைச்சிருக்கிற இராயப்பரே வந்து ஏசிப் பார்த்தவராம். ஆள் அசையேல்லையாம்."

நிசாம் நானா கண்ணைச் சுருக்கினார். "ஒரு வரிக்குள்ள இவ்வளவும் சொன்னவரா அங்கிள்?"

"இங்கிலிஷ் அப்பிடித்தான் நானா. சுருக்கமான பாஷை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பிரதர் கசெற்றை எடுக்க வந்தபோது நானும் இருந்தேன். "கடைசி வசனம் மனசில பட்டதோ அன்ரி?"

"ஓம் பிரதர். அந்த மனிசன் வாசலில நிண்டது சரியான பாவம்."

"எந்த வாசல்?"

பிறகு பிரதர் பொறுமையாக, சொல் சொல்லாக, உண்மையான வசனத்தைத் தமிழில் சொன்னார். அங்கிளின் கை ரிமோட்டைத் தேடியது. பிரதரை நிறுத்தும் பொத்தான் அதில் இல்லை.

அன்ரி முழுவதையும் கேட்டார். "தெரியும் பிரதர். அவர் ஒரு மூச்சில சொன்னதை இவர் கால் மணித்தியாலம் சொன்னவர். இங்கிலிஷ் தெரியாட்டி அது கூடவோ விளங்காது?"

அன்ரி அங்கிளின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ, அந்த வாசலடி வெயிலோ நிழலோ?"

அங்கிள் தொண்டையைச் செருமினார். "நிழல்தான். குந்தியிருக்க ஒரு வாங்கும் போட்டிருக்கு."

"அப்ப சரி," என்றுவிட்டு அன்ரி பிரதருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அன்றிலிருந்து அங்கிளின் சாரம் எங்கே கிடந்தாலும் அன்ரி கூப்பிடவில்லை. எடுத்துத் தோய்க்கப் போட்டார்.

அங்கிள் போனது சில வருசங்களுக்குப் பிறகு, ஒரு மழைக்காலத்தில். குழியருகே நின்ற ஃபாதர், நம் சகோதரர் இப்போது பரலோகத்துக்குள் நுழைந்துவிட்டார் என்றார். என் குடைக்குள் நின்ற அன்ரி, இல்லை என்று மெல்லத் தலையாட்டினார்.

"போயிருக்கமாட்டார் தம்பி. அந்த முழங்கால் நோவோட எவ்வளவு நேரமெண்டு நிப்பார்?"

எனக்கு ஆங்கிலம் தெரியும். அந்தப் போதகர் சொன்ன வரியும் நன்றாக நினைவிருந்தது.

"வாங்கு இருக்கு அன்ரி," என்றேன்.