மொட்டை மாடிக்கு ஓர் ஆக்ஸா பிளேடு

அன்புள்ள மச்சினனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் இங்கே சௌக்கியம். கடிதத்தை அப்படித் தொடங்குவதுதான் மரியாதை என்பதால் அப்படியே வைத்துக்கொள். நீயும் உன் இரும்புக் கடையும் நன்றாக இருக்க வேண்டும். குறிப்பாகக் கடை. போன தடவை பூட்டு அறுக்க ஓர் ஆக்ஸா பிளேடு அனுப்பினாயே, அதே மாதிரி இன்னொன்று உடனே வேண்டும்.

"என்ன அத்தான், ரிட்டையர் ஆனதும் பூட்டு அறுக்குறதையே தொழிலா வச்சுக்கிட்டீங்களா?" என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரிக்காதே. எங்கள் கஷ்டம் எங்களுக்கு.

என் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கியிருப்பது உனக்குத் தெரியும். எங்கள் வீடோ தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர். குழந்தைத் துணியெல்லாம் மின்விசிறிக்குக் கீழே நாள் முழுக்கத் தொங்குகிறதே தவிரக் காய்ந்தபாடில்லை. ஈரத்துணி பட்டுப் பட்டுக் குழந்தைக்குப் பின்பக்கமெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. பிள்ளை வீறிட்டு அழுதால் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடை போடுகிறேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "துணிய நல்லா வெயில்ல காய வைங்க, சரியாயிடும்" என்றார். வெயில் மொட்டை மாடியில் இருக்கிறது. மாடிக் கதவில் பூட்டு. சாவி வீட்டுக்காரர் இடுப்பில். கேட்டால், "எல்லாரும் ஏறி ஏறி மிதிச்சா தளம் என்னத்துக்கு ஆகும்?" என்பார்.

அப்போதுதான் இரண்டாம் மாடி டியூஷன் வாத்தியார் எங்களையெல்லாம் படிக்கட்டில் கூட்டி வைத்துப் பேசினார். அடடா, பேச்சா அது! "வெயில் யார் அப்பன் வீட்டுச் சொத்து? சூரியன் இவர்கிட்ட சொல்லிட்டா உதிக்குது?" என்றார். உடம்புக்கு ஆகாது என்று தெரிந்தும் எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே உனக்கு எழுதினேன். நீ அனுப்பிய பிளேடால் பூட்டை அறுத்தது நான். கை கொப்பளித்தது எனக்கு. அறுந்த பூட்டைத் தூக்கிக் காட்டிக் கைதட்டு வாங்கியது வாத்தியார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஒரு தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் வந்து குதித்துப் பார்த்தார். பத்துக் குடித்தனமும் ஒன்றாகக் காலி செய்வோம் என்றதும் வந்த வழியே திரும்பிப் போனார். இனி இந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, அறுத்த பூட்டைக் கதவுக்கு மேலேயே ஆணியில் மாட்டினோம். அந்த வாரம் துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்து வந்தது. குழந்தைக்குத் தடிப்பு இறங்கியது. உன் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு இது இரண்டாவது தடவை என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் காற்றில் கதவு டமார் டமாரென்று அடித்துக்கொண்டது. அதற்கு நேர் கீழேதான் டியூஷன். "பசங்க படிக்க முடியல" என்று வாத்தியார் ஒரு கொக்கி போட்டார். நியாயம்தானே? கொக்கி கழன்று விழுகிறது என்று ஒரு தாழ்ப்பாள். அதுவும் நியாயம்தான். தாழ்ப்பாளை யாரோ திறந்துபோட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு பூட்டு. "பூட்டா?" என்றேன். "இது பூட்டு இல்ல சார், பாதுகாப்பு. அவர் போட்டது நமக்கு எதிரா. இது நமக்காக நாமே போட்டுக்குறது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கழுத்து வலியால் ஆடிய தலை அது என்று உன் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. சாவி தற்காலிகமாக வாத்தியாரிடம் போயிற்று.

இப்போது வெயில் விழுகிற பக்கத்துக் கொடி முழுக்க வாத்தியார் வீட்டுப் போர்வைகள். மற்றவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு கொடி, அதுவும் முன்கூட்டியே சொல்லிவைத்தால். நேற்று ஈரத்துணி வாளியோடு அவர் வாசலில் போய் நின்றேன். "பச்சப்புள்ளைக்கு மறுபடியும் தடிச்சுப்போச்சு சார், கொஞ்சம் தொறந்து விடுங்க" என்று கெஞ்சினேன். இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "எல்லாரும் ஏறி ஏறி மிதிச்சா தளம் என்னத்துக்கு ஆகும்?" ஓர் எழுத்து மாறவில்லையடா!

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். திரும்பினால் நம் வீட்டுக்காரர்! மாடித் தொட்டியில் ஒழுக்காம், பார்க்கப் போக வேண்டுமாம். சொந்த மாடிக்குப் போக எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார் மனிதர். "நாளைக்கு வாங்க" என்று வாத்தியார் கதவைச் சாத்திவிட்டார். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கிரமமா இல்ல சார்? கையில ஒரு சாவி கிடைச்சுட்டா மனுஷன் இப்படியா ஆடுவான்?" என்றார். கண் கலங்கியிருந்தது. "வாஸ்தவம்தான் சார்" என்றேன்.

ஆகவே பிளேடு வந்ததும் மறுபடி அறுக்கிறோம். எல்லா வீட்டிலும் பேசியாகிவிட்டது. இந்தத் தடவை கதவையே கழற்றிப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடுவது என்று தீர்மானம். கொண்டுவந்தவன் நான்தான். கதவே இல்லாத மாடிக்கு எவன் எஜமான் ஆக முடியும், சொல்!

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் வீட்டுத் துணிகள் என்றைக்கும் நல்ல வெயிலில் காயட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. வீட்டுக்காரரே எங்கிருந்தோ ஒரு பிளேடு கொண்டுவந்தார். நான் அறுத்தேன். இந்தத் தடவை பூட்டைத் தூக்கிக் காட்டியதும் நான்தான், நல்ல கைதட்டு. நம் குழந்தையின் துணி முழுக்க வெயில் பக்கத்துக் கொடியில். கதவைக் கழற்றினால் மழைத் தண்ணீர் படியில் இறங்குமே என்று நான் எடுத்துச் சொன்னதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே பிளேடு வேண்டாம். பதிலாக, பிளேடுக்கெல்லாம் அசைந்துகொடுக்காத பூட்டாகப் பார்த்து ஒன்று அனுப்பு. சாவி ஒன்று போதும். அதுவரைக்கும் என் டிரங்குப் பெட்டிப் பூட்டைத்தான் கதவில் மாட்டியிருக்கிறேன். காலையில் வாத்தியார் ஈரப் போர்வையோடு வந்தார். அவர் பின்னால் முதல் மாடிப் பெண்ணும் தன் கைக்குழந்தையின் துணிகளோடு நின்றாள். இரண்டு பேரையும் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பின்னே, எல்லோரும் ஏறி ஏறி மிதித்தால் தளம் என்னத்துக்கு ஆகும்?