நாலாம் அறையின் சிவப்பு

நாலாம் அறை மறுபடியும் சிவந்தது.

பதிவுப் பிரிவு அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு மருந்துகளை எந்த டாக்டர் எழுதினாலும் அங்கே சிவப்புக் கட்டம் எரியும். நோயாளிகளின் பதிவுகளையெல்லாம் அலசி, ஆபத்தான மருந்துச் சேர்க்கைகளைக் குறைக்க அவரே செய்த ஏற்பாடு. மற்ற அறைகளில் சிவப்பு அடங்கிவிட்டது. நாலாம் அறையில் மட்டும் ஏறுமுகம்.

படியிறங்கிப் போனார்.

"டாக்டர், ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரையோட வலி மாத்திரையும் எழுதியிருக்கீங்களே?"

"அப்படியா? வயசாயிடுச்சுல்ல," என்றார் டாக்டரம்மா. "உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போதெல்லாம் காகிதச் சீட்டுதான். டாக்டரம்மாவின் கையெழுத்து, மையில் விழுந்த எறும்பு தப்பித்து ஓடியதுபோல இருக்கும். "இது மருந்தா, கோலமா?" என்று கேட்டுக்கொண்டு தினமும் இவர் அந்த அறை வாசலில் போய் நிற்பார். அவர் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டுவார்.

பிறகு இவருக்குக் கல்யாணமாயிற்று. டாக்டரம்மா மேற்படிப்புக்குப் போய்விட்டுத் தனியாகவே திரும்பி வந்தார். கணினி வந்தது, எழுத்து தெளிந்தது, வாசலில் நிற்கக் காரணமில்லாமல் போயிற்று. மனைவி இறந்தபின் இவர் மாடியை விட்டு இறங்குவதே அபூர்வமாகிவிட்டது.

மறுவாரம் சிவப்பு இரட்டிப்பானது. காரணம் எழுதினால்தான் சீட்டு நகரும் என்று பூட்டுப் போட்டார். மற்ற டாக்டர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்கள். நாலாம் அறையிலிருந்து எப்போதும் ஒரே காரணம்: 'நேரில் சொல்கிறேன்.'

இறங்கினார். காரணத்தைத் தவிர மற்ற எல்லாம் பேசினார்கள். கூரை ஒழுகிய மழைக்காலத்தில் நனைந்த சீட்டுகளைக் கொடி கட்டிக் காயப்போட்டது, காற்றில் ஒன்று பறந்துபோய்த் தலைமை டாக்டரின் வழுக்கையில் ஒட்டிக்கொண்டது... மாடிக்குத் திரும்பிய பிறகுதான் கேட்கப் போனதே ஞாபகம் வந்தது.

கடைசியாக ஒரு கெடுபிடி: சிவப்பு எரிந்தால் பதிவுப் பிரிவு அதிகாரியே நேரில் வந்து பார்க்க வேண்டும். யார் இந்தத் தொல்லையை விரும்புவார்கள்? கட்டாயம் அடங்கிவிடும்.

அன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாத்திரை மாதிரியே தவறாமல் எரிந்தது.

ஆஸ்பத்திரி இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். "நாலாம் ரூம் கணக்கு ரொம்ப மோசமா இருக்கே சார். அந்தம்மா இனிமே நோயாளி பாக்க வேணாம். நாளைக்கு உங்க அறிக்கை வந்துடணும்."

அவர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். பொய் எழுதவும் கை வரவில்லை, உண்மை எழுதவும் மனம் வரவில்லை. எத்தனை பேர் அந்த மருந்துகளை விழுங்கித் தொலைத்தார்களோ, அதையாவது தெரிந்துகொள்வோம் என்று மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனார்.

"ஏம்மா, நாலாம் ரூம்ல சிவப்பு எரிஞ்ச மாத்திரையெல்லாம் யார் யாருக்குக் குடுத்தே? மறைக்காம சொல்லு. யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

ஜன்னலுக்குள் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணுகூட இங்க வந்ததில்ல சார். நீங்க அங்க போய் உக்காந்துட்டு வந்ததும் டாக்டரம்மா எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க. இது ஆஸ்பத்திரிக்கே தெரியும், உங்க கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல!"