காத்தானின் நீளத் துண்டு

ஆண்பிள்ளைக்கு மார்பு எத்தனை அங்குலம் இருக்கலாம் என்பது குறித்து அன்றைய சர்க்கார் அரசாணை எதுவும் பிறப்பித்திருக்கவில்லை. நிலத்துக்கு உச்சவரம்பு வந்திருந்தது. மார்புக்கு வரவில்லை. ஆகவே, குடவாசல் பக்கத்தில் பண்ணை வேலை செய்துவந்த காத்தானுக்குப் பதினேழு வயதில் இரண்டு பக்கமும் சதை திரளத் தொடங்கியபோது, அதை எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

முதலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் வலித்தது. பத்தொன்பது வயதில் சட்டைக்கு வெளியே தெரிந்தது. வயலில் சட்டையோடு யார் வேலை செய்கிறார்கள்? நாற்று முடியைத் தலையில் ஏற்றக் கையைத் தூக்கினால் நடவுப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"காத்தானுக்கும் ஒரு ரவிக்கை தைக்கணும்டி" என்றாள் ஒருத்தி.

அன்றிலிருந்து அவன் நடவுப் பக்கம் போவதில்லை. தனியாக வாய்க்கால் வெட்டப் போனான். தொளதொளவென்று ஒரு சட்டை தைத்துக்கொள்ளலாம் என்று தையல்காரரிடம் போனால், அவர் முகத்தைச் சுளித்தார்.

"இந்த வருஷம் எல்லாரும் உடம்போட ஒட்டித்தான் தைக்கிறாங்க. காலர் மட்டும்தான் பெரிசு. தொளதொளன்னு தைச்சு அனுப்பினா என் கடைக்குத்தான் கெட்ட பேரு."

நாகரிகம் கைவிட்டதால் காத்தான் ஹாஜா மைதீன் ஜவுளிக்கடைக்குப் போய்த் துண்டு கேட்டான். கடையில் இருந்ததெல்லாம் மாநாட்டுக்கு வந்து மீந்துபோன ஆளுங்கட்சிக் கரைத் துண்டுகள். தோளில் போட்டால் முழங்கால்வரை தொங்கும். காத்தான் ஒன்றை வாங்கி, கழுத்தைச் சுற்றி இரண்டு முனையும் மார்பை மறைக்கும்படி தொங்கவிட்டுக்கொண்டான். அவனுக்கு நிம்மதியாக இருந்தது. ஊருக்குத்தான் நிம்மதி போயிற்று.

அவன் குடியிருந்த குடிசை மிராசுதார் சாரங்கபாணியின் மனைக்கட்டில் இருந்தது. குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. "சட்டம் மெட்ராஸ்ல இருக்கு, மனை என்கிட்ட இருக்கு" என்று சொல்லி சாரங்கபாணி குடிசையின் கொல்லைப்புறத்தை முள்வேலி போட்டு வளைத்துக்கொண்டிருந்தார். காத்தானின் தாய் அம்சம் பட்டாவுக்கு மனுக் கொடுத்து மூன்று வருஷமாயிற்று.

அந்தச் சாரங்கபாணி எதிரே வந்தார். அவரைக் கண்டால் பண்ணையாட்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது வழக்கம். காத்தானும் எடுக்கத்தான் கையைக் கொண்டுபோனான். எடுத்தால் என்ன தெரியும் என்று நினைவு வந்தது. கையை மார்போடு கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

சாரங்கபாணி அவனை மேலும் கீழும் பார்த்தார். கரையைப் பார்த்தார். நீளத்தைப் பார்த்தார். இவ்வளவு நீளத்தை வட்டச் செயலாளரே போடுவதில்லை.

"தம்பி கட்சியில என்ன பொறுப்புல இருக்காப்ல?"

"பொறுப்பெல்லாம் ஒண்ணுமில்லைங்க ஐயா."

பொறுப்பில்லாதவன் எவனும் அப்படிச் சொல்லமாட்டான் என்று சாரங்கபாணிக்குத் தெரியும். மறுநாள் காலையில் முள்வேலி பத்தடி பின்னால் போயிருந்தது.

அம்சம் இதைப் பார்த்தாள். "நாளைக்கு நீயும் தாலுகா ஆபீசுக்கு வா" என்று மகனைக் கூப்பிட்டாள். "இந்தத் துண்டோடயே வா."

தாலுகா ஆபீசில் பட்டா பிரிவு கிளார்க் இளையபெருமாள். மூன்று வருஷமாக அம்சத்திடம் தலை நிமிராமலே "நாளைக்கு வா" என்று சொல்லிவந்தவர், துண்டைக் கண்டதும் எழுந்துவிட்டார். காத்தானைவிட இருபது வயது மூத்தவர்.

"வாங்கண்ணே. உட்காருங்க. புழுக்கமா இருக்கு, துண்டை எடுத்து நாற்காலியில போடுங்களேன்."

"வேண்டாங்க."

தாசில்தார் வந்தபோதும் அவன் துண்டை எடுக்கவில்லை. மார்பு தெரியாதிருக்க முதுகை வளைத்துக்கொண்டான். பெரிய இடத்து அடக்கம் என்று தாசில்தார் நினைத்தார். கையைக் கட்டிக்கொண்டான். கோபமாயிருக்கிறார் என்று இளையபெருமாள் நினைத்தார். எதைக் கேட்டாலும் வெட்கத்தில் பதில் சொல்லாமல் தரையையே பார்த்தான். மாவட்டத்துக்கு நேரே எழுதிவிடுவார் என்று இருவரும் நினைத்தார்கள். மூன்று வருஷம் அசையாத கோப்பு ஒரே மத்தியானத்தில் நான்கு மேஜை நகர்ந்தது. 'மேற்படி மனுதாரரின் மகன் நேரில் ஆஜராகி வலியுறுத்தியதன் பேரில்' என்று குறிப்பு எழுதப்பட்டது. பட்டா வாங்க வருபவரின் அங்க அடையாளம் என்ற இடத்தில் இளையபெருமாள் 'நீளத் துண்டு' என்று எழுதினார். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

இடையில் செவ்வாய்க்கிழமை காத்தானுக்கு வலது பக்கம் வலி அதிகமாயிற்று. புற்றுக் கட்டியாக இருக்குமோ என்று பயந்து, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டரம்மா நூர்ஜஹான் அதிராம்பட்டினத்துக்காரர். துண்டுக்கு மரியாதை தரும் பழக்கம் அவருக்கில்லை.

"எடு அதை. சட்டையையும் கழட்டு."

அழுத்திப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். வேறு மருந்து மாத்திரை சாப்பிடுகிறானா, நாட்டு லேகியம் ஏதாவது தின்றானா என்று கேட்டார். கண்ணை இழுத்துப் பார்த்தார். காத்தான் மரண தண்டனை கேட்க நிற்பவனைப்போல நின்றான்.

"புத்து இல்லை. பயப்படாதே. ஆம்பளை உடம்புலயும் பொம்பளைக்கு உள்ள ஹார்மோன் கொஞ்சம் ஊறும். வளர்ற வயசுல அது கூடக்குறைய ஆயிடும். அதனால வீங்குது. முக்காவாசிப் பேருக்குத் தானா வத்திடும். உனக்கு ரெண்டு வருஷம் ஆயிட்டதால ஆறு மாசம் பார்ப்போம். வத்தலேன்னா சின்ன ஆபரேஷன்."

"எனக்கு மட்டும் ஏங்க இப்படி?"

"உனக்கு மட்டுமா? பத்துப் பையன்ல அஞ்சு பேருக்கு வருது. எவனும் வாயைத் திறக்கமாட்டான்."

காத்தான் வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. பத்தில் ஐந்து. அப்படியானால் சிரித்தவர்கள் வீட்டிலும் ஒருவன் இருப்பான். துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்வரை நிமிர்ந்தே நடந்தான்.

வியாழக்கிழமை வெறும் சட்டையோடு தாலுகா ஆபீசுக்குப் போனான். இளையபெருமாள் தலை நிமிரவில்லை.

"நாளைக்கு வா."

"நான்தாங்க காத்தான். அம்சம் மகன்."

இளையபெருமாள் கோப்பைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "காத்தான் பெரிய ஆளு. அங்க அடையாளம் இதுல இருக்கு. உன்கிட்ட அங்கம் இருக்கு, அடையாளம் இல்லையே."

"அந்த அடையாளம் எதுக்குப் போட்டிருந்தேன்னு தெரியுமாங்க?"

காத்தானுக்கு வீட்டுக்குப் போய்த் துண்டை எடுத்துவரலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, இரண்டு வருஷம் சுமந்தது போதும் என்று தோன்றியது. மேஜைக்கு எதிரே நின்று சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னான். ஹார்மோன், பத்தில் ஐந்து, ஆறு மாதம், எல்லாம். வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பியூன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

இளையபெருமாள் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பட்டாவை எடுத்து நீட்டினார். காத்தான் அதில் அம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போது அவர் மேஜைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கிழமை இருப்பாங்க தம்பி?"

"செவ்வாய்க்கிழமைங்க."

வரிசையில் நின்றவர்கள் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால்வரை துண்டு தொங்க நாற்பது ஐம்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆளுங்கட்சிக் கரை, எதிர்க்கட்சிக் கரை எல்லாம் இருந்தது. சாரங்கபாணி சரிகை அங்கவஸ்திரத்தைப் போர்த்திக்கொண்டு கடைசியில் நின்றார். மாடியிலிருந்து பார்த்த ஆஸ்பத்திரி அதிகாரி மந்திரி வரப்போகிறார் என்று முடிவுகட்டி, வெளிநோயாளிகள் பிரிவை உடனே மூடி, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க உத்தரவிட்டார். வந்தவர்களில் ஒருவர்கூட, தாங்கள் நோயாளிகள் என்று சொல்லவில்லை. மாலைவரை நின்று, வராத மந்திரிக்கு வாழ்க சொல்லிவிட்டுக் கலைந்துபோனார்கள்.